போப் எடுத்துக்கொண்ட பதினோரு நாள்

உர்நேஷ், 12 ஜூன் 1775

தம்பி கொன்ராடுக்கு அக்கா எல்ஸ்பெத் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் அப்பாவும் நானும் மூன்று பசுக்களும் சுகம். உன் சுகத்துக்கும், மைன்ராடாவின் சுகத்துக்கும், உங்கள் சின்னதின் சுகத்துக்கும் பதில் எழுது. சின்னதுக்கு என்ன பெயர் என்று நான் கேட்பது இது மூன்றாவது கடிதம். பெயர் வைத்தீர்களா, இல்லை மடத்துச் சாமியார்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்களா?

இங்கே ஒரு விசேஷம் நடந்தது, அதற்காகத்தான் எழுதுகிறேன். நீ மைன்ராடாவைக் கட்டுவதற்காகக் கத்தோலிக்கனாகி ஐன்ஸீடெல்னுக்குப் போன அன்று அப்பா வாசலில் நின்று சொன்னது உனக்கு மறந்திருக்காது. "என் பையன்கிட்டேருந்து பதினோரு நாளை எடுத்துக்கிட்டாரில்ல அந்தப் போப்பு, அதைத் திருப்பிக் குடுக்கட்டும். அதுவரைக்கும் இவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது." ஏழு வருஷமாக அந்தச் சொல் அப்படியே நிற்கிறது. போப் பதினோரு நாள் முன்னால் தள்ளித் திருத்திய நாட்காட்டியை, நம்மைப்போல் புராட்டஸ்டண்டான ஜூரிச் போதகர்கள்கூட ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், நம் ஊர் மட்டும் பழைய கணக்கிலேயே இருக்கிறது. அதில் அப்பாவுக்குப் பெருமையான பெருமை. ஓடையைத் தாண்டிக் கத்தோலிக்கர் ஊருக்கு வெண்ணெய் விற்கப் போனால்கூட, "பதினோரு நாள் கிழவனாகித் திரும்பி வந்தேன்" என்று முணுமுணுப்பார்.

முந்தாநாள் உலர்த்திச் சேமிக்கப் புல் அறுக்கலாமா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அங்க ஒருத்தன் நமக்குப் பதினோரு நாள் முன்னாடியே வாழ்ந்துக்கிட்டிருக்கானே, அவனைக் கேட்டா மழை வருமா வராதான்னு சொல்ல மாட்டானா?"

கேலிதான். ஆனால் ஏழு வருஷத்தில் உன்னைப் பற்றி வந்த முதல் வார்த்தை. நான் தறியறைக்குப் போய் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். நூல் நனைந்ததுதான் மிச்சம்.

இதைக் கொண்டுவரும் வெண்ணெய்க்கார அந்தோனிடம் பதில் கொடுத்தனுப்பு.

உன் நலத்தை வேண்டும்,
எல்ஸ்பெத்

---

ஐன்ஸீடெல்ன், 3 ஜூலை 1775

என் அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நான் மடத்துக் குதிரை லாயத்தில்தான் இருக்கிறேன். மைன்ராடா தேன் ரொட்டி சுட்டு யாத்திரிகர்களுக்கு விற்கிறாள். பாதிரியார் பிரசங்கம் நீளமாகப் போகிற அன்று ரொட்டியும் நிறையப் போகிறது; வெளியே வருகிறவர்கள் பசியோடு வருகிறார்களாம். சின்னது ரொட்டி விளிம்புகளைத் தின்றே வளர்கிறது. அதற்கும் சுகம்.

அப்பா கேட்ட கேள்விக்குப் பதில்: ஜூலை மூன்றாம் தேதி ஐன்ஸீடெல்னில் மேகமே கிடையாது. மேற்கிலிருந்து நல்ல காற்று. நான்கு நாளைக்கு வெயில் நிற்கும் என்று லாயத்துப் பெரியவர் சொல்கிறார். அப்பாவிடம் மரியாதையாகச் சொல்லிவிடு, எதிர்காலத்திலிருந்து ஒருவன் எழுதியிருக்கிறான் என்று.

அக்கா, நீ அழுதாய் என்று படித்ததும் மைன்ராடாவும் உட்கார்ந்து அழுதாள். அன்றைக்கு ரொட்டி கருகிவிட்டது.

அன்புடன்,
கொன்ராட்

---

உர்நேஷ், 9 ஜூலை 1775

தம்பிக்கு ஆசீர்வாதம்.

நலமாக இருக்கிறோம், அதுவும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிற நலம். உன் கடிதம் ஜூன் 28-ஆம் தேதி எங்கள் கைக்கு வந்தது. அப்பா மேலே உள்ள தேதியைப் பார்த்தார். "மூணாம் தேதி எழுதின காகிதம் இருபத்தெட்டாம் தேதியே வந்துடுச்சே. இனிமே சாப்பிட்டுட்டு அப்புறம் சமைக்கலாம் போல," என்றார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அண்டை வீட்டு ஷோஹ் குடும்பம் ஜூன் கடைசியில் புல் அறுக்க இறங்கியது. அப்பா அரிவாளைத் தீட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டேன். ஜூலை மூன்றாம் தேதிதான் வெயில் என்று எழுதி வந்திருக்கிறதாம். அப்பா, அது ஏற்கெனவே போய்விட்ட நாள், அவனுக்கு மூன்று என்றால் நமக்கு இருபத்திரண்டு என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். அவர், போப்பின் கணக்கில் எண்ணத் தனக்குத் தெரியாது, மூன்று என்றால் மூன்றுதான் என்றார். வேண்டுமென்றே செய்கிறாரா, நிஜமாகவே நம்புகிறாரா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஷோஹ் வீட்டுப் புல் மழையில் ஊறி அழுகியது. ஜூலை மூன்றாம் தேதி, நம் கணக்குப்படி மூன்றாம் தேதி, அப்பா வயலில் இறங்கினார். நான்கு நாள் வெயில் கொளுத்தியது தம்பி. புல் வெள்ளிக் கம்பி மாதிரி காய்ந்து கொட்டகை ஏறிவிட்டது. ஷோஹ் வந்து எப்படித் தெரியும் என்று கேட்டாராம். "எனக்கு வேண்டப்பட்டவன் ஒருத்தன் எழுதினான்," என்று அப்பா சொன்னதாக ஷோஹ் மனைவி என்னிடம் வந்து ஒப்பித்தாள்.

வேண்டப்பட்டவன். அந்த வார்த்தையை உனக்கு அப்படியே அனுப்பி வைக்கிறேன்.

எல்ஸ்பெத்

---

ஐன்ஸீடெல்ன், 14 ஆகஸ்ட் 1775

அக்கா,

நலம், நலமே வேண்டுகிறேன். உன் கடிதத்தை லாயத்தில் உரக்கப் படித்தேன். குதிரைகளைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள். அங்கிருக்கும் சாமியார் ஒருவர், உன் அப்பா எங்கள் பக்கம் வந்தால் அறுவடைக்கு நாள் குறிக்க வைத்துக்கொள்வோம் என்றார்.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அப்பா என் பெயரைச் சொல்கிறாரா?

கொன்ராட்

---

உர்நேஷ், 27 ஆகஸ்ட் 1775

தம்பிக்கு,

சுகம். பசு ஒன்று சினையாக இருக்கிறது. இந்த வருஷம் பேரிக்காய் கிளை முறியக் காய்த்திருக்கிறது, உலர்த்த இடமில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நலம். அப்பா உன்னையும் மைன்ராடாவையும் குழந்தையையும் மிகவும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். உனக்கு இருமல் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

எல்ஸ்பெத்

---

ஐன்ஸீடெல்ன், 28 செப்டம்பர் 1775

அக்கா,

அப்பா பிறந்த நாளிலிருந்து யாருடைய இருமலையும் விசாரித்ததில்லை. அம்மா இருமி இருமிப் படுக்கையில் கிடந்தபோதுகூட, ஒன்றும் கேட்காமல் ராவெல்லாம் அடுப்புக்கு விறகுதான் போட்டுக்கொண்டிருந்தார். உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசிலும் வராது, பாலாடையை நீ திருடித் தின்றால் நான்தான் அடி வாங்குவேன்.

உள்ளதைச் சொல். தாங்கிக்கொள்வேன்.

கொன்ராட்

---

உர்நேஷ், 26 அக்டோபர் 1775

என் தம்பிக்கு,

நலம். இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன். உன் பெயரை அவர் சொல்வதில்லை. 'நாளைக்காரன்' என்கிறார். நாளைக்காரன் ஊரில் பனி விழுந்ததா, நாளைக்காரன் குதிரையைப் பார்க்கிறானா மனிதரைப் பார்க்கிறானா, இப்படி. இருமல் நான் சேர்த்தது. விசாரிப்பும் நான் சேர்த்ததுதான்.

ஆனால் போன ஞாயிறு சாப்பிடும்போது நானாகவே ஆரம்பித்தேன். அவன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டேன். ரொட்டியைப் பால்கஞ்சியில் தோய்த்தபடியே, தான் யாரையும் அழைக்கவில்லை, சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கமும் தனக்கு இல்லை என்றார். பிறகு கிண்ணத்தை வழித்துவிட்டு, "வர்றவன் எந்த வழியா வருவான், ஏரிப் பாலத்து வழியா?" என்றார். எனக்கு அது போதும்.

தம்பி, ஜனவரி ஐந்தாம் தேதி வந்து சேர். ஏன் அந்த நாள் என்று கேட்காதே, வந்தால் தெரியும். மைன்ராடாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

எதிர்பார்க்கும்,
எல்ஸ்பெத்

---

ஐன்ஸீடெல்ன், 25 நவம்பர் 1775

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். மைன்ராடாவுக்கு வயிற்றில் அடுத்தது இருக்கிறது, வசந்தத்தில் பிரசவம். அதனால் அவளால் பனியில் நடக்க முடியாது. நானும் சின்னதும் வருகிறோம். அதை முதுகுக் கூடையில் உட்கார வைத்துவிட்டால் மூன்று நாள் பாட்டுப் பாடிக்கொண்டே வரும், நிறுத்துவதுதான் கஷ்டம்.

ஐந்தாம் தேதி என்ன, பசு கன்று போடுகிற நாளா? கேட்கவில்லை, கேட்கவில்லை. நீ சொன்ன தேதியை என் கணக்குக்கு மாற்றி, அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தினமும் ஒரு கோட்டைச் சின்னது அழிக்கிறது. சில நாள் இரண்டை அழித்துவிட்டு மாட்டிக்கொள்கிறது.

பயமாகத்தான் இருக்கிறது. கதவு திறக்காவிட்டால் பிள்ளையின் முன்னால் என்ன சொல்வேன் என்று யோசிக்கிறேன். இருந்தாலும் வருகிறேன்.

கொன்ராட்

---

உர்நேஷ், 3 ஜனவரி 1776

தம்பி,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்த முறை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

ஏன் வரவில்லை? பனியில் அகப்பட்டாயா? சின்னதுக்குக் காய்ச்சலா? இல்லை, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாயா? உன்னை நான் அழைத்தது கிறிஸ்துமஸுக்குத் தம்பி. வெளிப்படையாக எழுதினால் அப்பாவின் சொல்லுக்கு இழுக்கு என்று தேதியை மட்டும் எழுதினேன். உனக்குச் சிரமம் வேண்டாமென்று நம் டிசம்பர் 25-ஐ உன் கணக்கில் ஜனவரி 5 என்று நானே மாற்றி எழுதினேன். இரண்டு விளக்கு ஏற்றி, மேஜையில் நான்கு தட்டு வைத்துக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை.

எனக்கு அழுகை. அப்பாவுக்கோ எதுவுமே ஆகவில்லை. கிறிஸ்துமஸுக்கென்று சுட்ட பேரிக்காய் ரொட்டியை வெட்டப் போனேன், கத்தியை வாங்கி வைத்துவிட்டார். "அதுக்கு இன்னும் நாள் இருக்கு," என்றார். அப்பா, இன்றுதான் கிறிஸ்துமஸ் என்றேன். ஊருக்கு இன்று, இந்த வீட்டுக்கு எப்போது என்று தான் சொல்வதாகச் சொல்லிவிட்டார். சர்ச்சிலிருந்து வந்து சாதாரணக் கஞ்சி குடித்தோம். வருஷக் கடைசி நாளில் முகமூடிக்காரர்கள் இடுப்பில் மணி கட்டிக்கொண்டு வீடு வீடாக ஆட வந்தார்கள். அவர்களுக்கும் ரொட்டி கிடையாது, பாலாடைக்கட்டி கொடுத்து அனுப்பினார். முகமூடிக்குள்ளிருந்து ஒருவன் திட்டிக்கொண்டே போனான்.

அவருக்குப் புத்தி பிசகுகிறதோ என்று பயமாக இருக்கிறது. முழங்கால் வலியோடு இன்று காலை எழுந்து வாசல்படிப் பனியைத் தானே பெருக்கினார். சாம்பல் தூவினார். எதற்கு என்று கேட்டால் விசில் அடிக்கிறார்.

அந்தோன் எப்போது வருவானோ தெரியாது. அவன் வந்ததும் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எல்ஸ்பெத்

---

உர்நேஷ், 17 ஜனவரி 1776

என் மைன்ராடாவுக்கு,

நாங்கள் நலமாக வந்து சேர்ந்தோம். நீ நலமா, வயிற்றில் இருப்பது உதைக்கிறதா? ரொட்டி மூட்டையை நீ தூக்காதே, பக்கத்து வீட்டுக்காரர் தூக்கட்டும்.

முதலில் உனக்குச் சிரிப்பு வர ஒன்று சொல்கிறேன். நாங்கள் பதினோரு நாள் தாமதம். அக்கா ஐந்தாம் தேதி என்று எழுதியது நம்முடைய ஐந்து. நான் அதை அவர்களுடைய ஐந்து என்று எடுத்துக்கொண்டு பதினொன்றைக் கூட்டி, பதினாறாம் தேதி வந்து நின்றேன். அவள் ஒரு முறை மாற்றினாள், நான் இன்னொரு முறை மாற்றினேன். வெள்ளிக்கிழமை என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் தப்பித்திருப்போம், கிழமையை மட்டும் போப் தொடவில்லை. நம் ஜனவரி ஐந்துதான் இங்கே கிறிஸ்துமஸ் என்பது இந்த வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கிறிஸ்துமஸுக்கு என்னை இந்த வீட்டில் கூப்பிடுவார்கள் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று மத்தியானம் வந்தோம். வாசல்படி பனியில்லாமல் சுத்தமாக இருந்தது. அப்பா கதவைத் திறந்து நின்றார். இளைத்திருக்கிறார், ஆனால் அந்தப் புருவம் அப்படியே. நான் படிக்குக் கீழேயே நின்றுவிட்டேன்.

"இன்னிக்கு உனக்கு என்ன தேதி?" என்று கேட்டார். ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் கேள்வி.

"எனக்குப் பதினாறுப்பா. உங்களுக்கு அஞ்சு."

"கிறிஸ்துமஸ் என்னிக்குப் போச்சு?"

"இருபத்தஞ்சாம் தேதி. பதினோரு நாள் ஆச்சுப்பா. கணக்குத் தப்பிடுச்சு."

அவர் உள்ளே திரும்பி, அக்காவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இந்த வீட்டுல ரொட்டி இன்னும் வெட்டல. கிறிஸ்துமஸ் பதினோரு நாளா வாசல்லயே காத்துக்கிட்டு இருந்துச்சு. போப்பு எடுத்தது பதினொண்ணு, இவன் கொண்டாந்தது பதினொண்ணு. கணக்குச் சரியாப் போச்சு. உள்ள வா கொன்ராட், கதவைச் சாத்து, அடுப்புச் சூடெல்லாம் வெளிய போகுது."

என் பெயரைச் சொன்னார் மைன்ராடா.

முதுகுக் கூடையிலிருந்து சின்னதை இறக்கினேன். அது நேராக அவர் முன்னால் போய், நீங்கள்தான் மழை கேட்கிற தாத்தாவா என்று கேட்டது. உன் பேர் என்ன என்றார். "வெரேனா," என்றது. என் அம்மாவின் பெயரை நான் ஏன் கடிதத்தில் எழுதவே இல்லை என்று உனக்குத் தெரியும். அவரை இளக்கப் பெயரைத் தூது விட்டதாக ஆகக் கூடாது என்று நினைத்தேன். அப்பா அடுப்புப் பக்கம் போய், ஏற்கெனவே நிறைந்து எரிகிற அடுப்பில் இன்னும் மூன்று கட்டை போட்டார். அக்கா தறியறைக்கு ஓடினாள். ரொட்டியை வெட்டிய கத்தியை வெரேனாவும் சேர்ந்து பிடித்தாள். அதற்குப் பிறகு ராத்திரி வரைக்கும் அவர் மடியை விட்டு இறங்கவில்லை.

ஆக எங்களுக்கு இந்த வருஷம் இரண்டு கிறிஸ்துமஸ். வெரேனா மூன்றாவது எப்போது என்று கேட்கிறாள். செய்த தப்புக்கு இவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை.

உன்,
கொன்ராட்

---

உர்நேஷ், எங்களுக்கு 9 ஜனவரி, உங்களுக்கு 20 ஜனவரி 1776

மருமகள் மைன்ராடாவுக்கு மாமனார் பார்ட்லி நெஃப் எழுதுவது.

நலம். உன் நலமும் உன் வயிற்றுப் பிள்ளையின் நலமும் வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இதைக் கொண்டுவருபவன் உன் புருஷன்தான். வழியில் படிக்கக் கூடாது என்றுதான் மெழுகு வைத்து ஒட்டியிருக்கிறேன்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். எல்ஸ்பெத் தன் தம்பியின் கடிதங்களை நூல் கூடைக்கு அடியில் ஒளித்து வைப்பாள். ஏழு வருஷமாக அவள் மாட்டுக்குப் போகிற நேரத்தில் நான் எல்லாவற்றையும் படித்து வருகிறேன். நவம்பரில் வந்த கடிதத்தில், 'நீ சொன்ன தேதியை என் கணக்குக்கு மாற்றி' என்று அவன் எழுதியிருந்தான். அவள் ஏற்கெனவே மாற்றித்தான் எழுதினாள் என்பது எனக்குத் தெரியும். அவள் விரல் விட்டு எண்ணியதை மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேரும் கணக்கில் மட்டம், தாயைக் கொண்டு பிறந்திருக்கிறார்கள்.

சொல்லித் திருத்தியிருக்கலாம். சொல்லவில்லை. ஏழு வருஷமாக என் சொல்லையும் காப்பாற்றி என் பிள்ளையையும் பார்க்க ஒரு வழி தெரியாமல் கிடந்தேன். பதினோரு நாளைக் கையில் எடுத்துக்கொண்டு அவனே வருகிறான் என்றால் நான் ஏன் குறுக்கே நிற்க வேண்டும்? பாவம், எல்ஸ்பெத்தைத்தான் அழ வைத்துவிட்டேன். அவளிடம் இதைச் சொல்லாதே. புல் அறுத்த விஷயத்தையும் கேட்காதே, அதைச் சொல்ல மாட்டேன்.

வெரேனாவைத் திருப்பி அனுப்ப மனசே இல்லை. அவள் பாடுகிற பாட்டெல்லாம் உங்கள் கோவில் பாட்டு. இருந்தாலும் குரல் என் வீட்டுக்காரியின் குரல், அதனால் விட்டுவிட்டேன்.

இப்போது அந்தப் பதினோரு நாள் என்னிடம் இருக்கிறது. வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரசவம் ஆனதும் உங்கள் வீட்டுக்கு வந்து செலவழிக்கிறேன், ஒரு நாள் குறையாது. ஞானஸ்நானத்துக்குக் கோவிலுக்குள் வர மாட்டேன். வெளியே நிற்கிறேன், முடிந்ததும் பிள்ளையை முதலில் என் கையில் கொடுங்கள். முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே, அந்தோன் வண்டியில் வெண்ணெய்ப் பானைகளுக்கு நடுவே இடம் கேட்டு வைத்துவிட்டேன்.

பிள்ளை பிறந்ததும் சொல்லி அனுப்பு. என்றைக்கு வரவேண்டும் என்று உன் கையால் எழுது, உன் புருஷனையோ எல்ஸ்பெத்தையோ எழுத விடாதே. தேதி வேண்டாம். கிழமை மட்டும் போடு.

பார்ட்லி நெஃப்